கொக்கிக்கு ஒன்றுமில்லை

வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருக்கிறது. அது பள்ளிச் சான்றிதழிலும், அம்மாவுக்குக் கோபம் வரும்போதும் மட்டும்தான் வெளியே வரும். மற்றபடி ஊருக்கு அவன் கொக்கி. கோல் கம்பத்துக்கு முன்னால் நாலு பேர் முட்டி மோதிக்கொண்டிருக்கும்போது எங்கிருந்தோ ஒரு நீண்ட இடது கால் நீளும். கிணற்றில் விழுந்த வாளியை இழுப்பதுபோல் பந்தை இழுத்து வலைக்குள் தள்ளிவிடும். அந்தக் காலுக்காகத்தான் உள்ளூர்க் கால்பந்து கிளப் அவனைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறது. வயது இருபத்தொன்று.

சீசனின் முதல் பாதியில் பதினான்கு கோல் போட்டான். ஊர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. பிறகு எட்டு ஆட்டங்கள், ஒரு கோல்கூட இல்லை. தூக்கி வைத்து ஆடியவர்களுக்கு இப்போது கழுத்து வலி. முன்பெல்லாம் முடிவெட்டுபவர் கத்திரியை நிறுத்தி நிறுத்தி, அவன் போட்ட கோலை அவனுக்கே விவரிப்பார். இப்போது முடியை மட்டும் வெட்டுகிறார். மூன்றாம் மாடிக்காரர் ஆயுள் முழுக்க இன்சூரன்ஸ் ஆபீசில் கோப்பு புரட்டியவர். அவர் லிஃப்டில் பிடித்துக்கொண்டு, "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க, பந்து வரும்போது நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க" என்கிறார். லிஃப்ட் மூன்று மாடி ஏறுவதற்குள் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவும் சொல்லிவிடுகிறார். லிஃப்டுக்குள் ஓடி எங்கே போவது?

எல்லாரையும்விட அப்பாவைச் சமாளிப்பதுதான் கஷ்டம். அவர் ஒன்றுமே கேட்பதில்லை. ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். இருபத்தாறு வருடமாக அங்கே அவருக்கு 'மூணாம் நம்பர் லேத்' என்றுதான் பெயர். மகன் கோல் போடத் தொடங்கிய பிறகு 'கொக்கியோட அப்பா' ஆனார். முதலாளியே கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தார். கோல் வறண்ட இந்த இரண்டு மாதத்தில் அந்த நாற்காலி என்ன ஆயிற்று என்று அப்பா வீட்டில் சொல்லவில்லை. சாப்பிடும்போது மட்டும், "அடுத்த மேட்ச்ல வந்துடும்டா" என்பார். கொக்கி பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவான்.

கோல் ஏன் வரவில்லை என்று ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். காதல் என்றார்கள், தலைக்கனம் என்றார்கள். உண்மைக் காரணம் இடது தொடையும் அடிவயிறும் சேருகிற இடத்தில் இருந்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்க, இடது காலை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைக்க வேண்டும். சாக்ஸ் போடுவது ஒரு தனி வேலை. நேராக ஓடினால் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளலாம். காலைப் பக்கவாட்டில் நீட்டினால் உயிர் போய்விடும். காலை நீட்ட முடியாத கொக்கியை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? கோல் விழுந்துகொண்டிருந்தபோது வலியைச் சொல்ல மனம் வரவில்லை. கோல் நின்ற பிறகு சொன்னால் சாக்கு என்பார்கள். இப்படியே இரண்டு மாதம் ஓட்டிவிட்டான். எல்லாம் பயம்தான், வேறொன்றுமில்லை.

இதையெல்லாம் கண்டுபிடிக்கத்தானே கிளப்பில் பிசியோ இருக்கிறார் என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறார். எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிற அந்தப் பெண்மணி வேலையில் படு கெட்டி. திங்கட்கிழமை காலையில் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக அவருடைய மேசையில் மல்லாந்து படுக்க வேண்டும். ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையில் காற்றடைத்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைப்பார். பலம் கொண்ட மட்டும் நெருக்க வேண்டும். முள் நிற்கிற எண்ணைச் சீசனின் முதல் நாள் எண்ணோடு ஒப்பிடுவார். அதைவிட ரொம்பக் குறைந்திருந்தால் அந்த வாரம் ஓய்வு.

இங்கேதான் கொக்கி சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டான். முதல் நாளன்று வேண்டுமென்றே கொஞ்சம் குறைத்து நெருக்குவது அந்த உடைமாற்றும் அறையின் எழுதப்படாத வழக்கம். அப்போதுதான் பின்னால் சின்னச் சின்ன வலி வந்தாலும் எண் காட்டிக்கொடுக்காது, பெஞ்சில் உட்கார வேண்டியிருக்காது. கேப்டனைப் போல் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் பத்து, பதினைந்து குறைப்பார்கள். கொக்கிக்கோ பெரிய அணியில் அது முதல் வருடம். கேப்டன் கண்ணடித்ததைப் பார்த்தானே தவிர, எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்கவில்லை. போன வருடம் வேறொரு சின்ன அணியில் இருநூற்று அறுபது நெருக்கிய பையன், முழங்காலுக்கு நடுவில் முட்டை இருப்பதுபோல் நெருக்கி, நூற்று அறுபதில் நிறுத்தினான்.

"இவ்வளவுதானா?" என்று அக்கா கேட்டார்.

"எனக்கு எப்பவுமே அவ்ளோதாங்க்கா" என்று சிரித்தான். எண் கணினியில் ஏறிவிட்டது.

எட்டு ஆட்டமும் வறண்ட பிறகு, ஒன்பதாவது ஆட்டத்துக்கு முந்தைய திங்கட்கிழமை, இனிமேல் முடியாது, பொய் நெருக்கலும் வேண்டாம், நிஜ எண்ணே பேசட்டும் என்று முடிவு செய்தான். மேசையில் படுத்து உயிரைக் கொடுத்து நெருக்கினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நூத்தி எழுபது" என்றார் அக்கா. "நல்லா இருக்கே. மொத நாளைவிடப் பத்து கூட."

"அக்கா, வலிக்குது."

"எங்க?"

காட்டினான். அக்கா விரலால் அழுத்திப் பார்த்து அவன் முகத்தைக் கவனித்தார். இரண்டு மாதமாக வலியை மறைத்துப் பழகிய முகம், இப்போது காட்டு என்றால் காட்ட மறுத்தது. மரக்கட்டை மாதிரி அசையாமல் கிடந்தான். அந்த நேரம் பார்த்து கோச் உள்ளே வந்து, கணினித் திரையை எட்டிப் பார்த்தார்.

"பத்து கூடியிருக்கு. அப்புறம் எங்கடா வலி?"

"நிஜமாவே வலிக்குது சார்."

கோச் தன் நெற்றியை விரலால் தட்டினார். "இங்க வலிக்குது உனக்கு. ஒரு கோல் போடு, எல்லாம் பறந்து போயிடும்."

கோச் பொல்லாத மனிதர் அல்ல. தோளைத் தட்டிக்கொடுத்து அன்பாகத்தான் சொன்னார். திட்டியிருந்தாலாவது கொக்கி வாக்குவாதம் செய்திருப்பான். எழுந்து ஷூவை மாட்டிக்கொண்டான்.

வியாழக்கிழமை, பயிற்சி முடிந்து எல்லாரும் குளிக்கப் போன பிறகு, அக்காவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். முதல் நாள் செய்த வேலையை ஒன்றுவிடாமல் கொட்டினான். அக்கா துண்டுகளை மடித்துக்கொண்டே கேட்டார். பாதியில் கை நின்றுவிட்டது.

"இருநூத்தி அறுபது இருந்தவன் இப்ப நூத்தி எழுபதா? மூணுல ஒரு பங்கு போச்சேடா. நீ ஓடவே கூடாது. வா, இப்பவே கோச்கிட்ட போலாம்."

"நீங்களே சொல்லிடுங்கக்கா."

"நான் என்னத்தச் சொல்றது? என் கையில இருக்கறது அந்த எண் ஒண்ணுதான். அது உனக்கு ஒண்ணுமில்லைங்குது. பொய்யா நெருக்கினேன்னு நீயா வாயத் தொறந்து சொன்னாத்தான் அவர் நம்புவார்."

"சொன்னா என்ன ஆகும்?"

அக்கா மழுப்பவில்லை. "திட்டுவார். எல்லாரையும் மறுபடி அளக்கச் சொல்வார், உன்னோட சேர்ந்து கேப்டனும் மாட்டுவார். மூணு மாசம் நீ உக்காரணும். அடுத்த சீசனுக்கு உன்ன வெச்சுக்குவாங்களான்னு எனக்குத் தெரியாது. ஆனா சொல்லாம விளையாடினா அந்தச் சதை கிழியும். கிழிஞ்சிடுச்சுன்னா இப்ப இருக்கற கால் திரும்பக் கிடைக்காது."

கொக்கி ஒரு துண்டை எடுத்து மடித்தான். இந்தப் பக்கம் போனால் வேலை, அந்தப் பக்கம் போனால் கால். வேறு பக்கம் இருப்பதாகத் தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை மட்டும் விட்டுடுங்கக்கா. அப்பா பட்டறையிலருந்து பதினோரு பேரக் கூட்டிட்டு வர்றார். டிக்கெட் எடுத்தாச்சு."

கேட்கச் சிறுபிள்ளைத்தனமாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு மாதத்தில் அப்பா வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். "ஞாயித்துக்கிழமை நீ இருப்பேல்ல?" என்று, ஏதோ பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்பதுபோல் கூச்சத்தோடு கேட்டிருந்தார்.

அக்கா பெருமூச்சு விட்டார். "மேட்ச் முடிஞ்சதும் கோச்ச வெச்சுக்கிட்டே உன்னக் கேப்பேன். அப்ப மென்னு முழுங்கினேன்னு வெச்சுக்கோ, அதோட என் கிட்டயே வராதே."

"சொல்லிடறேங்க்கா. சத்தியமா."

அக்கா சம்மதித்தது தப்பு. அது அவருக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவன் தொடையில் கட்டை இரண்டு சுற்று கூடுதலாகவே போட்டார்.

ஆட்டம் தொடங்கிய அரை மணி நேரத்தில் கூட்டம் முனக ஆரம்பித்தது. இரண்டு பந்துகள் அவன் காலுக்கு ஒரு சாண் தள்ளிப் போயின. நீட்டியிருந்தால் கிடைத்திருக்கும், நீட்டவில்லை. "கொக்கி துருப்புடிச்சிடுச்சுடோய்!" என்று ஒருவன் கத்த, சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனுக்கு நாலு வரிசை கீழேதான் அப்பாவும் பதினோரு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா சிரித்தவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொக்கிக்கு அவமானமாக இருந்தது, தனக்காக அல்ல, அவருக்காக.

அறுபத்து மூன்றாவது நிமிடத்தில் வலது பக்கத்திலிருந்து ஒரு பந்து தாழ்வாக வந்தது. வேண்டாம் என்றது மூளை. கால் கேட்கவில்லை. பத்து வயதிலிருந்து செய்து வந்ததை அது தானாகச் செய்தது. நீண்டது, இழுத்தது, வலைக்குள் தள்ளியது. அதே நொடியில் உள்ளே ஈரத்துணியைக் கிழிப்பதுபோல் ஏதோ கிழிந்தது. கீழே விழுந்தான். அவன் மேல் ஒன்பது பேர் விழுந்தார்கள்.

"எந்திரிங்கடா! கால்! என் கால்!"

"ஆமாடா, கால்தான்! என்னா காலுடா அது!" என்று கேப்டன் அவன் காதுக்குள்ளேயே கத்தி, கன்னத்தில் முத்தம் வேறு கொடுத்தார்.

எழுந்தபோது கொக்கி அழுதுகொண்டிருந்தான். மைதானமே எழுந்து நின்றது. பாவம் பையன், எவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்தானோ என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பத்து நிமிடம் கழித்து, கைதட்டல் வாங்கட்டும் என்று கோச் அவனை வெளியே கூப்பிட்டார். அவன் அடி மேல் அடி வைத்துத்தான் வர முடிந்தது. "நேரத்தை நல்லாக் கடத்தினடா, கெட்டிக்காரன்" என்று கோச் பாராட்டினார். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, வலியைத் தாண்டி அவனுக்கு ஒரு நிம்மதி வந்தது. கோல் போட்டவன் வலி என்று சொன்னால் சாக்கு என்று எவன் சொல்வான்? ஜெயித்த நாளில் கோச் எவ்வளவுதான் திட்டிவிடுவார்? சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். சார், மொத நாள் நான் பொய்யா நெருக்கினேன். அவ்வளவுதான், ஆறே வார்த்தை. இரண்டு மாதத்தில் முதல்முறையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

உடைமாற்றும் அறைக்கு வெளியே நடைபாதையில் அப்பா நின்றிருந்தார், பின்னால் பதினோரு பேர். அப்பா அவனைக் கட்டிக்கொண்டார். அவர் கட்டிக்கொண்டு எத்தனையோ வருடம் ஆகிறது.

"முதலாளிக்குப் போன் போட்டுட்டேன்டா."

"எதுக்குப்பா?"

"நீ கோல் போட்ட மறு நிமிஷமே போட்டேன். நாளையிலருந்து வரமாட்டேன்னு சொல்லிட்டேன். இருபத்தாறு வருஷம் போதும்டா. நீ இருக்கே, அப்புறம் எனக்கென்ன கவலை?"

"நாளைக்கு வேற ஆளப் போட்டுடுவாங்களேப்பா."

"போட்டாச்சு. முதலாளியோட மருமகன் எடம் எப்போ காலியாகும்னு காத்துக்கிட்டிருந்தான்" என்று அப்பா சிரித்தார். பதினோரு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அப்போது கோச் வந்தார். கூடவே அக்கா, கையில் ஐஸ் பையோடு. அக்கா மற்றவர்களைப் பார்க்கவில்லை. கோச் பக்கத்தில் நின்றுகொண்டு, சொன்னபடியே கேட்டார்.

"கால் எப்படி இருக்கு?"

கொக்கி வாயைத் திறந்தான். அந்த ஆறு வார்த்தையும் நாக்கு நுனியில்தான் இருந்தன. அப்பாவின் கை இன்னும் அவன் முதுகில் இருந்தது.

"நல்லா இருக்குக்கா."

"இன்னொரு தடவை கேக்கறேன்."

"ஒண்ணுமில்லக்கா."

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றார் கோச். "எல்லாம் மனசுதான்." அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே உள்ளே போனார். அக்கா போகவில்லை. ஐஸ் பையிலிருந்து அவருடைய செருப்பில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அப்பா கையை நீட்டினார். "அவனுக்கு வேண்டாம்னா இப்படிக் குடுங்கம்மா. லேத்துப் பிடிய இழுத்து இழுத்து இந்தத் தோளு செத்துப்போச்சு. ஒரு அஞ்சு வருஷமா ராத்திரில புரண்டு படுக்க முடியல."

"நீங்க சொன்னதே இல்லையேப்பா."

"சொன்னா மிஷினிலருந்து எடுத்துடுவாங்கல்ல?" என்றார் அப்பா, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. ஐஸ் பையைத் தோளில் வைத்து ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "வாடா போலாம், அம்மா காத்துட்டிருப்பா" என்றார்.

பதினோரு பேரும் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டார்கள். வாசல் வரை கொக்கி நொண்டாமல் நடந்தான்.