இடது காலுக்கு ஓர் ஆள்

அந்தத் தையல்காரரைத் தெருவில் யாரும் தொழில் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "எடதுகால்" என்றால்தான் திரும்புவார். வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் தெரு நாடகத்தில், கிரேனில் தொங்கியபடி வரும் மூன்று மாடி உயரப் பொம்மையின் இடது கால் அவர் பொறுப்பு. கிரேன் வண்டியின் மேல்தட்டிலிருந்து, கப்பி வழியாகப் பொம்மையின் காலோடு கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதிப்பார். அவர் கனத்துக்குக் கால் மேலே எழும். பிறகு ஏணியில் ஏறி மறுபடி குதிக்க வேண்டும். வலது காலுக்கு அவருடைய மைத்துனர்.

பள்ளிக்கூடம் தொட்டு பஸ் வரைக்கும் அவருடைய குண்டு உடம்பைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. அந்த உடம்பை வா என்று கூப்பிட்டு வேலை கொடுத்தது இந்தப் பொம்மை ஒன்றுதான். அதன்மேல் அவருக்கு உயிர்.

இந்த வருஷம் டாக்டர் அவர் முட்டியை அமுக்கிப் பார்த்து, இளைத்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார். மனைவிக்கு எதிலும் உடும்புப்பிடி. வேகவைத்த காயும் உப்பில்லாத சூப்புமாகப் போட்டு ஆளைப் பாதியாக்கிவிட்டாள். முட்டிவலி போயிற்று, கிலி பிடித்தது. நாடகக் குழுத் தலைவிக்குத் தெரிந்தால் கயிறு வேறு கைக்குப் போய்விடுமே.

தையல்காரருக்கா வழி தெரியாது? வெட்டுத்துணிகளை உள்சட்டைக்குள் திணித்துத் தைத்து, பழைய தொப்பையை அச்சு அசலாக வரவழைத்தார். ஒத்திகைக்குக் காய்ச்சல் என்று டிமிக்கி கொடுத்தார். நாடகத்தன்று தலைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னண்ணே, இன்னும் ஒரு சுத்து பெருத்துட்டீங்க போல?"

"எல்லாம் உங்க புண்ணியம்."

துணிக்குப் பருமன் உண்டு, கனம் கிடையாது என்பது அந்த மேதாவிக்குத் தோன்றவேயில்லை.

வலது கால் ஜோராக எழுந்து இறங்கியது. இவர் குதித்தார். கயிற்றின் தொய்வு தீர்ந்ததும் பாதி வழியில் நின்றுவிட்டார். பொம்மையின் கால் அசையவில்லை. கீழே தரை எட்டவில்லை. தையல் வேறு பிரிந்து, கலர் கலராகத் துணி கூட்டத்தின் தலையில் கொட்டியது. அதுவும் நாடகம்தான் என்று ஜனங்கள் கைதட்டினார்கள்.

"மச்சான், சீக்கிரம் எறங்குங்க" என்றார் மேலிருந்து மைத்துனர்.

"எறங்க மாட்டேங்குதுடா."

தலைவி ஓடிவந்தாள். "கயித்த விடுங்கண்ணே, வேற ஆள் ஏறட்டும்."

"விட மாட்டேன்" என்றார். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

முன்வரிசையில் நின்ற மனைவி நேராக அவருக்குக் கீழே வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"இதுக்குத்தான் ஒரு வாரமா மெஷின் கடகடன்னு ஓடுச்சா?"

"திட்டறத வீட்ல வச்சுக்கயேன்."

அவள் கைப்பையைத் தலைவியிடம் கொடுத்தாள். புருஷனின் இரண்டு கணுக்கால்களையும் எட்டிப் பிடித்து, தன் காலை மடக்கிக்கொண்டு தொங்கினாள். இடது கால் ராஜநடையாக எழுந்தது. தெருக்கோடி வரை அவர் குதிக்கக் குதிக்க அவள் பிடித்துத் தொங்கிக்கொண்டே போனாள்.

வீட்டுக்கு வந்ததும் சூப்பை அவர் முன்னால் வைத்தாள். "அடுத்த வருஷமும் நான் தொங்கறேன். நீங்க இதக் குடிங்க."

முகம் சுளிக்காமல் குடித்தார். இப்போதெல்லாம் தெருவில் "எடதுகால்" என்று கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள்.