பத்து நாள் தள்ளிப்போன மெடிக்கல்

ராணுவ மெடிக்கலில் டாக்டர் என் முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாக எண்களைச் சொன்னார். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. இரண்டு காதிலும் அழுக்கு இறுகியிருந்ததாம். எடுத்துவிட்டுப் பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள்.

ஆரணியில் எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு பட்டுத் தறிகள். அந்தச் சத்தத்தில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். காது மந்தமானது எனக்கே தெரியாமல் போனது அதனால்தான்.

கூட ஓடிப் பழகிய நண்பர்கள் தேர்வாகிவிட்டார்கள். வெட்கத்தில் அவர்கள் போனையே நான் எடுக்கவில்லை. அம்மா மீதும் கோபம். நான் பட்டாளத்துக்குப் போவதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் இருந்தாலும் போனாலும் இவளுக்கு ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

காதைச் சுத்தம் செய்துகொண்டு வந்த அன்று, அவள் தறிக்கு முதுகைக் காட்டிச் சாப்பிட உட்கார்ந்தேன். அறுந்த இழையை முடிந்தபடியே அம்மா முணுமுணுத்தாள்.

“போவாதடா கண்ணு. தள்ளி வச்சது அப்படியே நின்னு போயிட்டா என்னா?”

எதிர்த் தறியில் இருந்த அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவருக்கு அது தினமும் கேட்டுப் பழகிய பேச்சு. எனக்கு மட்டும்தான் புதிது.

நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் போயிருக்க மாட்டேன். காது கேட்காதவன் போலவே, “கொழம்பு ஊத்தும்மா!” என்று கத்தினேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் முகாமிலிருந்து பேசுகிறேன். “சாப்டியாடா?” என்று போனிலும் கத்துகிறாள். பேசி முடித்ததும் நான் உடனே வைப்பதில்லை. மெதுவாக ஏதாவது சொல்வாளோ என்று காத்திருக்கிறேன். தறிச் சத்தம் மட்டும் கேட்கிறது.