நோன்பு மாதத்தில் படித்த கதை

பிள்ளைகளைப் படிக்க வைக்க ஏதாவது கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள் ஐயா, எனக்கே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கொடுத்தவர் என் அத்தா. கொடுத்தது கமர்கட்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நாங்கள் மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தோம். முன்னறையில் அத்தாவின் பைண்டிங் கடை, பின்னால் வீடு. வக்கீல் வீட்டுச் சட்டப் புத்தகங்கள் வரும். அதைவிட அதிகமாகப் பத்திரிகைக் கதைகள் வரும். மாதப் பத்திரிகையில் வருகிற தொடர்கதையை மாதாமாதம் தனியாகக் கிழித்தெடுத்துச் சேர்த்து வைத்து, கதை முடிந்ததும் ஒன்றாகக் கட்டக் கொடுப்பது அப்போது அந்த வீடுகளில் வழக்கம். ஒரு பக்கத்தில் கதாநாயகி அழுதுகொண்டிருப்பாள். தாளைத் திருப்பினால் கூந்தல் தைல விளம்பரம் இருக்கும். அதையும் சேர்த்துத்தான் தைக்க வேண்டும்.

அத்தாவுக்குக் குர்ஆன் ஓத வரும், தமிழ் படிக்க வராது. பக்க எண்ணைப் பார்த்து அடுக்கி, தைத்து, அட்டை போட்டுவிடுவார். தான் கட்டுகிற காகிதத்தில் என்னதான் இருக்கிறது என்று பள்ளிக்கூடம் போகிற மகளாவது தெரிந்துகொள்ளட்டும் என்று அவருக்கு ஆசை.

"ஒரு கட்டு முழுசாப் படி. படிச்சிட்டு வந்து கதை இன்னான்னு சொல்லு. ஒரு கமர்கட்டு தரேன்" என்றார்.

நல்ல எண்ணம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கப்புறம் நான் செய்த முதல் வேலை, கட்டுகளைக் கையில் தூக்கிப் பார்த்து எது ஒல்லி என்று தேடியது. பெரிய எழுத்து, நிறையப் படம், குட்டிக் கதை, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் யாரும் சொல்லாமலே கடை மூலையில் உட்கார்ந்து தைல விளம்பரத்தைக்கூட விடாமல் படித்துக்கொண்டிருந்தவள் நான். தைலத்துக்குக் கமர்கட்டு கிடையாது என்றதும் அதைத் தாண்டிப் போக ஆரம்பித்தேன். யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்பதை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு அத்தாவிடம் ஒப்பிப்பேன். வாயில் கமர்கட்டு கரைவதற்குள் கதை மறந்துபோகும்.

இது எப்படி என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. ஒரு வெல்ல உருண்டை எப்படி ஒருத்தியின் கண்ணை மாற்றும்? இனிப்பு என்னவோ இனிப்பாகத்தான் இருந்தது. கதைதான் சப்பென்று ஆகிவிட்டது.

பிறகு நோன்பு மாதம் வந்தது. அந்த வருஷம் நானும் பெரியவர்களைப் போல நோன்பு பிடிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்து ஓய்ந்தாள். பகலில் கமர்கட்டைத் தொட முடியாது. சாயங்காலம் கஞ்சியும் வடையும் வந்தபின் அதை யார் நினைக்கப் போகிறார்கள்? "பெருநா கழிச்சிப் பாத்துக்கலாம்" என்று அத்தாவே திட்டத்தை நிறுத்தி வைத்தார். ஆக, நான் படித்தாக வேண்டிய அவசியமே இல்லை. பசியில் பொழுது போகவில்லை, அதனால் கைக்கு எட்டிய கட்டை இழுத்தேன். இருந்ததிலேயே பருமனான கட்டு அது.

கதையில் ஒரு சின்னப் பெண். அவள் புருஷன் ரங்கூனுக்குப் பிழைக்கப் போனவன், ஒரு வார்த்தை எழுதவில்லை. மாமியார் வீட்டில் அவளை வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள். அவள் வளையலை விற்றுக் கப்பல் ஏறிவிடுகிறாள். தனியாக, ஒரு பெண், கப்பலில். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த தெருவுக்கு என்னைத் தனியாக அனுப்பாத வீடு எங்களுடையது. அவளுக்கு எப்படி அவ்வளவு தைரியம் வந்தது? கடலில் எங்கே தூங்கினாள், யாரிடம் தண்ணீர் கேட்டாள்? தாள் தாளாகத் தேடினேன். ஒருநாள் நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் நகரா முரசு அடித்ததே என் காதில் விழவில்லை. அம்மா வந்து பேரீச்சம்பழத்தை வாயில் திணித்துவிட்டு, "நோன்பு தொறக்கிறதும் தெரியலியாடி ஒனக்கு" என்று முதுகில் ஒன்று வைத்தாள்.

அந்தப் பெண் ரங்கூன் துறைமுகத்தில் இறங்குகிறாள். கூட்டத்தில் ஒருவன் திரும்புகிறான். அவன்தானா என்று பார்ப்பதற்குள் பக்கம் முடிந்துவிட்டது. கீழே 'அடுத்த இதழில் முடியும்' என்று போட்டிருந்தது. அடுத்த இதழ் கட்டில் இல்லை.

கடையையே தலைகீழாகப் புரட்டினேன். கிடைக்கவில்லை. அத்தாவுக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. "பைண்டர் தொலைச்சிட்டான்னு சொல்லுவாங்கம்மா. அந்த வூட்டுக்கே போய்க் கேட்டுடலாம், வா" என்றார்.

வீடு வடக்கு மாட வீதியில் இருந்தது. வக்கீல் வீடு. கதைகளைச் சேர்த்தது அவர் மனைவி. எப்போதும் போல வாசற்படிக்கு இப்பால் நின்றோம். மாமி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"கதையில கடைசிப் பகுதி இல்லேம்மா. எங்க கிட்ட வரவே இல்ல. வூட்ல எங்கியாவது கீதான்னு பாருங்க" என்றார் அத்தா.

"தொலையலே பாய். நான்தான் எடுத்துட்டேன். அது வேண்டாம், அப்படியே கட்டிடுங்கோ."

"முடிவு இல்லாமலா?"

"முடிவு இல்லாமதான்."

அத்தாவுக்கு நிம்மதி. பழி இல்லை என்றதும் கிளம்பத் திரும்பினார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "அவன்தானா அது? திரும்பினவன்?" என்று கேட்டுவிட்டேன்.

மாமி என்னைப் பார்த்தார். "நீ படிச்சியா?"

"படிச்சேன்."

"எல்லாமா? கப்பல்ல அந்தக் கிழவி தன் போர்வையைக் குடுப்பாளே, அதுவும்?"

"அந்தக் கிழவிதான் ராத்திரியெல்லாம் இருமிக்கினே இருக்கும்" என்றேன்.

மாமி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் வீட்டில் கதை படிக்கிறவர்கள் வேறு யாரும் இல்லையாம். புருஷன் பேப்பரைத் தவிர எதையும் தொடமாட்டாராம். வளையல் விற்ற இடம், மாமியார் பேச்சு, கப்பல் புறப்படுகிற இடம் என்று நானும் அவரும் மாற்றி மாற்றிப் பேசினோம். அத்தா வெயிலில் நோன்போடு நின்றுகொண்டிருந்தார். இவ்வளவு பேசுகிறாளே என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "நான் கமர்கட்டு தரேன்னு சொல்லிக் கீறேம்மா. அதான் இப்டி வுழுந்து வுழுந்து படிக்குது" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அதுக்கு ஒண்ணும் படிக்கல. நோன்பு மாசத்துல ஏது அத்தா கமர்கட்டு?"

மாமி சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"அவன்தானா, சொல்லுங்க" என்று நான் விடவில்லை.

மாமியின் முகம் மாறியது. "அவன்தான். பார்த்துட்டான். ஆனா அதுக்குள்ள இவளுக்குக் கப்பல்லயே ஜுரம் வந்துடுத்தாம். அவன் மடியில விழுந்து போயிட்டாளாம். இவ்வளவு தூரம் தனியா இழுத்துண்டு வந்து, நாலே வரியில கொன்னுட்டான் எழுதினவன். ரெண்டு நாள் எனக்குச் சோறு எறங்கலே. அடுப்புல போட்டுட்டேன் அதை. என் ஆத்துப் புஸ்தகத்துல அவ சாகப்படாது."

நான் அழுதேன். அந்த வாசலிலேயே, வெட்கமில்லாமல் அழுதேன். அந்தப் பெண்ணுக்காக அழுதேனா, கேட்காமலே இருந்திருக்கலாமே என்று அழுதேனா, தெரியவில்லை. அத்தா பதறிவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார். குளத்தங்கரையோரம் நடந்தோம்.

"யாரும்மா அந்தப் பொண்ணு?" என்று கேட்டார்.

இத்தனை நாள் ஒப்பித்த கதை எதிலும் அவர் அப்படிக் கேட்டதில்லை. படித்தாளா என்று சரிபார்க்க மட்டும் கேட்பார், நானும் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லி முடிப்பேன். அன்றைக்கு முதலிலிருந்து சொன்னேன். மாமியார் வாயைச் சொன்னேன், வளையலைச் சொன்னேன். "தனியாவா போச்சு? கப்பல்லயா?" என்று நின்றார். பிறகு நடந்தார். கடைக்கு வந்தும் வேலையைத் தொடவில்லை. ஊசியில் நூல் கோத்தது கோத்தபடி இருக்க, என் எதிரில் குந்தி உட்கார்ந்து கேட்டார். கிழவி இருமியதற்கு ஐயோ பாவம் என்றார். கப்பல் கரை சேர்ந்தது. அவள் இறங்கினாள். கூட்டத்தில் ஒருவன் திரும்பினான். அப்புறம் என்ன ஆனது என்று அவருக்கும் தெரியும், மாமி சொன்னதைக் கேட்டுக்கொண்டுதானே நின்றிருந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே சொல்ல வாயெடுத்தேன்.

"போதும்மா" என்றார் அத்தா. "மேல சொல்லாதே. அது அங்கியே நிக்கட்டும்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கட்டை எடுத்துப் பலகை மேல் வைத்து, அட்டை போட ஆரம்பித்தார்.