மாவுக்கட்டு போட்டிருந்த நாட்கள்

எட்டு வயது வரை எனக்கு அப்பா என்பவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டிலிருக்கிற ஆள். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரியில் லோடுமேன் வேலை. திங்கட்கிழமை காலையில் குரும்பலூரில் பஸ் ஏறினால் சனிக்கிழமை பொழுது சாய்ந்துதான் திரும்புவார். துணி துவைத்துக் காய்வதற்குள் மறுபடியும் கிளம்பிவிடுவார்.

லோடு இறக்கி முடித்ததும் லாரி மேலிருந்து குதித்து இறங்குவதுதான் அவர்கள் வழக்கம். பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்குகிறவனைப் பார்த்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள். கால் ஒடிந்த அன்றைக்கும் அப்பா அப்படித்தான் குதித்திருக்கிறார். கீழே கிடந்த கல்லின் ஓரத்தில் பாதம் பாதிதான் பதிந்தது. கல் உருண்டது, பாதம் உள்பக்கமாக மடிந்தது, உடம்பின் கனமெல்லாம் கணுக்காலில் இறங்கியது. காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி சத்தம் கேட்டது என்று பிறகு சொன்னார்.

சுளுக்குதான் என்று நினைத்துக்கொண்டு, இரண்டு பேர் தோளில் தொங்கியபடி வீடு வந்து சேர்ந்தார். எங்கள் தெருவில் சுளுக்கு வழிக்கிறவர் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தார். சுரைக்காய் போல் வீங்கியிருந்த இடத்தை ஒரே ஒரு விரலால் தொட்டார். அப்பா பல்லைக் கடித்தார். வழிக்க வந்தவர் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

“இது சுளுக்கு இல்லம்மா, எலும்பு. நான் கை வெச்சா கெட்டுப்போயிடும். பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க.”

முழங்கால் வரை மாவுக்கட்டோடு அப்பா திரும்பினார். ஒன்றரை மாதம் காலை ஊன்றக் கூடாது.

அப்படி ஒரு காலம் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை. அம்மா விடிந்ததும் கடலை பறிக்கக் கூலிக்குப் போய்விடுவாள். அப்பாதான் எனக்குத் தலை பின்னிவிட்டார். கல் தூக்கிக் காய்த்துப்போன விரல்களுக்கு முடி பிடிபடவில்லை. ஒரு சடை மேலே, ஒரு சடை கீழே. அதோடு பெருமையாகப் பள்ளிக்கூடம் போனேன். சாயங்காலம் உட்கார்ந்தபடியே நகர்ந்து போய் அடுப்பு மூட்டி அம்மாவுக்கு வெந்நீர் வைப்பார். குளித்துவிட்டு வந்த அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கடலைக் கொல்லையில் நடந்ததையெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அம்மாவுக்கு அவ்வளவு பேச வரும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கட்டுப் பிரிக்கும் நாள் நெருங்கியது. பள்ளிக்கூடம் போகிற வழியில் இருந்த பிள்ளையாரிடம் தினமும் வேண்டிக்கொண்டேன்: அப்பா கால் சேரக் கூடாது.

சேர்ந்துவிட்டது. மாவுக்கட்டைப் பிரித்ததும் வெளியே வந்த கால் மெலிந்து வெளுத்து, வேறு யாருடையதோ போலிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்து காட்டினார். நான் ஓவென்று அழுதேன்.

“ஏம்மா அழுவுற? அப்பாதான் நடக்குறேன்ல?”

“நீ லாரிக்குப் போயிடுவ. கால் சரியாவக் கூடாதுன்னு சாமிகிட்ட கேட்டேன், அது குடுக்கல.”

அப்பா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து விறுவிறுவென்று பிள்ளையார் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“சொன்னது தப்புன்னு சொல்லு. அப்பா நல்லா நடக்கணும், நல்லபடியா வேலைக்குப் போவணும்னு கேளு.”

விசும்பிக்கொண்டே கேட்டேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நான் முடித்த பிறகும் அம்மா கண்ணை மூடி நின்றுகொண்டே இருந்தாள். திரும்பி வரும்போது, பாதி வழியில், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“உனக்கு மட்டுந்தான் ஆசை இருக்குன்னு நெனச்சியாடி?”

அம்மாவுக்குக் கோபம் இன்னும் தணியவில்லை என்று நினைத்து, வீடு வந்து சேரும் வரை நான் இரண்டடி பின்னாலேயே நடந்தேன்.