முயல்கூட்டுக்கு விரித்த யூரியாப் பை

எங்கள் அப்பாவுக்கு முயல் வளர்க்கத் தெரியாது. அவர் வயல்காரர். எங்கள் வயல் இருந்த வட்டை வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் இருந்தது. சண்டை மூண்டதும் அங்கே போய் விதைக்க முடியாமல் போயிற்று. இந்தக் கரையில் சும்மா இருக்க மாட்டாமல் ஒரு சோடி முயலைக் கொண்டுவந்தார். அவை பெருகின. எங்கள் அடுப்பு எரிந்தது அந்த முயல்களால்தான்.

மாரி பிறந்தால் கரைச்சல். வீட்டு வளவு வாவியை ஒட்டியிருந்ததால் நிலமே ஊறிக் கிடக்கும். கல் அடுக்கிக் கூட்டை உயர்த்திப் பார்த்தார். அப்படியும் அடிப்பலகை ஈரம் குடித்து ஊதிப்போனது. மேலிருந்து மூத்திரம் வேறு. முயல்களுக்குப் பாதம் புண்ணாகியது, குட்டிகள் செத்தன. தார் பூசலாம் என்றால், அவை பலகையைக் கொறிக்கிற சாதி. கடைசியில் வயல் காலத்து யூரியாப் பைகளைத் தேடியெடுத்துப் பிரித்து, பலகையின் மேலும் கீழும் இழுத்துக் கட்டினார். அதோடு ஈரம் நின்றது. அன்று அப்பா இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

யூரியா அப்போது தடை. அதில் குண்டு செய்யலாம் என்று ஆமிக்குப் பயம். வெறும் பையைக் கண்டாலும் கேள்வி வரும். அதனால் அம்மா யோசனை சொன்னார்.

"எழுத்த உள்ளுக்குப் போட்டுக் கட்டுங்க. ஆரும் கண்டாக் கரைச்சல்."

அப்பா அப்படியே கட்டினார். அந்த அதிபுத்திசாலித்தனம்தான் எங்களைக் கவிழ்த்தது. ஒருநாள் காலை ஊரைச் சுற்றி வளைத்தார்கள். வளவுக்குள் வந்த ஆமிக்காரன் ஒருவன் கூட்டை உதைத்தான். பை கிழிந்து மடிந்து, உள்ளே இருந்த எழுத்து வெளியே வந்தது.

"ஏன் எழுத்து ஒளிச்சது?" என்றான்.

"முயலுக்கு, சேர். ஈரத்துக்கு, சேர்," என்றார் அப்பா. எழுத்தை ஒளித்ததற்கு அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

அவரை வேலிகளுக்கு நடுவே போகும் ஒழுங்கைக்கு இழுத்துப் போனார்கள். அம்மா காலில் விழுந்தார். அப்படிக் கொண்டுபோகப்பட்ட எல்லோரும் திரும்பி வந்ததில்லை. அவர்களில் பெரியவன் பையை வாங்கி மோந்து பார்த்தான். முயல் மூத்திர நாற்றத்தில் முகத்தைச் சுளித்தான், பிறகு சிரித்தான். "ஹாவா," என்றான். சிங்களத்தில் அது முயல். ஒழுங்கையைக் கையால் காட்டி, முயலைப் போலப் பாயச் சொன்னான்.

அப்பா பாய்ந்தார். சாரத்தை மடித்துக் கட்டி, குந்தியபடி, சேற்றில், ஒழுங்கை முடியும் வரை பாய்ந்தார். வேலிகளுக்குப் பின்னால் சனம் நின்றது. எனக்கு ஆமியில் கோபம் வரவில்லை, அப்பாவில்தான் வந்தது. உயிரோடு விட்டுவிட்டார்களே என்று அம்மா அழுதுகொண்டிருக்க, என்னோடு படிக்கிறவர்களில் யார் யார் பார்த்திருப்பார்கள் என்று நான் வேலிகளைத் தேடிக்கொண்டிருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அடுத்த மாரியில் எனக்குச் சாதாரண தரப் பரீட்சை. பாலத்தடியில் ஆமியின் சோதனைச் சாவடியில் வரிசை அசையவே இல்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது, எனக்கு அழுகை முட்டியது. தடைக்கம்பத்தருகே நின்றவன் அப்பாவை அடையாளம் கண்டுகொண்டான். பழைய பெரியவனேதான்.

"ஹாவா!" என்று கூப்பிட்டான். வேறொன்றும் சொல்லவில்லை.

அப்பா வரிசையைப் பார்த்தார். என் கையிலிருந்த பேனையையும் அடிமட்டத்தையும் பார்த்தார்.

"மகள், நீ அங்கால பாரு," என்றார். சாரத்தை மடித்துக் கட்டினார்.

நான் அங்கால பார்த்தேன். வரிசையில் யாரோ சிரித்தார்கள். தடைக்கம்பத்தைத் தூக்கினார்கள். நான் நேரத்துக்குப் பரீட்சை எழுதினேன்.