சிவப்பு முட்டை மட்டும் வேண்டுமாம்

போன மாதம் ஒருநாள் எங்கள் மேலாளர் அம்மையார் சமையலறை வாசலில் வந்து நின்றார். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த மிஹாயெலாவைப் பார்த்து, முகம் நிறையச் சிரிப்போடு கேட்டார்.

"உங்கள் நாட்டில் ஈஸ்டருக்கு முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் போடுவீர்களாமே? வருகிற ஞாயிறு கொஞ்சம் கொண்டு வர முடியுமா? முதியவர்களுக்கு ஒரு ருமேனிய மேசை போடலாம். கூஷ்லியாக இருக்கும்."

இந்த நோர்வேயில் மெழுகுவர்த்தி, கோப்பி, கம்பளிக் காலுறை... மனதுக்கு இதமான எதுவும் 'கூஷ்லி'தான். கேட்டவர் நல்ல மனதோடுதான் கேட்டார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால், அந்த ஞாயிறுதான் மிஹாயெலாவின் ஈஸ்டர். அந்த ஞாயிறுக்குத்தான் அவள் லீவு கேட்டிருந்தாள். இல்லை என்று சொல்லியிருந்தார்கள். ஆக, ஈஸ்டர் கிடையாது — முட்டை மட்டும் வேண்டும். பக்கத்தில் நின்ற எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

இருங்கள். கோபத்தில் நடுவிலிருந்து தொடங்கிவிட்டேன்.

ஒஸ்லோவில் ட்வெய்ட்டாவுக்கு அருகில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் நான் வேலை செய்கிறேன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அங்கே போன இலையுதிர் காலத்தில் வந்து சேர்ந்தவள் மிஹாயெலா. ருமேனியாவில் ஒரு சிறிய ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவள். ஏழு வயது மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்து, எல்லிங்ஸ்ருட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி நோர்வேஜியன். அவளுடையது உடைந்தது, என்னுடையது ஒட்டுப்போட்டது. எப்படியோ கதைத்துவிடுவோம்.

டிசம்பர் முதலாம் திகதி அவள் நீலம், மஞ்சள், சிவப்பு மூன்றும் சேர்ந்த ஒரு சின்ன ரிப்பனைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்தாள். அன்று ருமேனியாவின் தேசிய தினம். அங்கே நாடு முழுக்க விடுமுறை. இங்கே ஒருத்தி அவளிடம், "இது எந்த நோய்க்கான நிதி சேகரிப்பு?" என்று கேட்டாள். மிஹாயெலா சிரித்து மழுப்பிவிட்டாள்.

அதே வாரம் இடைவேளையில் தங்கைக்குப் போன் எடுத்து, ஏதோ படபடவென்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். டிசம்பர் ஆறாம் திகதி புனித நிக்கொலாஸ் நாளாம். பிள்ளைகள் முதல்நாளே சப்பாத்தைத் துடைத்து வைப்பார்களாம். காலையில் அதற்குள் இனிப்பு இருக்க வேண்டுமாம். "மறந்துவிடாதே என்று சொன்னேன். அம்மாதான் இல்லை, இனிப்பாவது இருக்கட்டும்" என்றாள்.

இப்படி ஒருத்திக்கு நத்தார் எவ்வளவு பெரிய நாளாக இருக்கும்? ஆனால் வேலை அட்டவணை வந்தபோது இருபத்து நான்கு, இருபத்தைந்து, இருபத்தாறு என்று மூன்று நாளும் மிஹாயெலாவுக்கு வேலை. வழக்கமாக நத்தாருக்கு வேலை செய்கிற எனக்கு லீவு. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அட்டவணை போடுகிறவர் ரமணன். எங்கட ஆள்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பாத்திரம் கழுவுவதில் தொடங்கி, இன்று சமையலறைப் பொறுப்பாளர். எனக்கு அவரைப் பிடிக்கும். அதனால்தான் கோபமும் கூட. புதுசாக வந்த பிள்ளைக்கு ஏன் இப்படி என்று கேட்டேன்.

"அக்கா, அவ ஓர்த்தடொக்ஸ். அவையளுக்கு நத்தார் ஜனவரி ஏழாந் திகதி. நான் யோசிச்சுத்தான் போட்டனான்."

"ஆர் சொன்னது?"

"ரஷ்யாக்காரருக்கு அப்பிடித்தானே."

"அவ ரஷ்யாவோ?"

"கிட்டத்தானே அக்கா."

சரி, படித்து வைத்திருக்கிறார் போல என்று நானும் விட்டுவிட்டேன். மிஹாயெலாவும் வாய் திறக்கவில்லை. புதுசாக வந்தவர்களுக்கு இப்படித்தான் போடுவார்கள் என்று நினைத்தாளாம். மூன்று நாளும் வந்து பன்றி விலா சுட்டு, முட்டைக்கோவா அவித்து, எல்லோருக்கும் "நல்ல நத்தார்" சொல்லிவிட்டுப் போனாள்.

ஜனவரி ஏழாம் திகதி ரமணன் அவளுக்கு லீவு கொடுத்தார். ஒரு சொக்லேட் பெட்டியும் கொடுத்தார். மறுநாள் அவள் என்னை ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டாள்.

"நேற்று எனக்கு ஏன் லீவு? நான் ஏதாவது பிழை செய்தேனா?"

"நேற்று உன்னுடைய நத்தார் இல்லையா?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "என் நத்தார் டிசம்பர் இருபத்தைந்து. எல்லோரையும் போல." அன்றே ரமணனிடமும் அதைப் போய்ச் சொன்னாள்.

விஷயம் இதுதான். ருமேனியர்கள் ஓர்த்தடொக்ஸ் கிறிஸ்தவர்கள்தான். ஆனால் நத்தாரை டிசம்பரிலேயே கொண்டாடுகிறார்கள். ஈஸ்டரை மட்டும் பழைய கணக்குப்படி வைத்திருக்கிறார்கள். அது சில வருடம் இங்குள்ள ஈஸ்டரோடு சேர்ந்து வரும். சில வருடம் பல வாரம் தள்ளிப் போகும். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ஒரே ஒரு வார்த்தை. யாரும் கேட்கவில்லை. நானும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மார்ச் முதலாம் திகதி காலையில் வந்ததும் என் ஏப்ரனில் ஒரு பொருளைக் குத்திவிட்டாள். சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல், நுனியில் ஒரு குட்டிப் பூ. மெர்த்சிஷோர் என்று பெயராம். வசந்தம் வந்துவிட்டது என்று பெண்களுக்குக் கொடுப்பதாம். வெளியே பார்த்தேன் — பஸ் தரிப்பிடத்தின் இருக்கை பனிக்குள் புதைந்து கிடந்தது. "உங்கள் ஊரில் வந்திருக்கும்" என்றேன். "ஆம், அங்கே வந்திருக்கும்" என்றாள்.

இந்த வருடம் நோர்வேயில் ஈஸ்டர் மார்ச்சிலேயே வந்து போய்விட்டது. உங்களுக்குத் தெரியுமே... மஞ்சள் மெழுகுவர்த்தி, தோடம்பழம், துப்பறியும் நாவல், பாதி ஒஸ்லோ மலைக்குடிலுக்கு ஓட்டம். அது முடிந்த கையோடு மிஹாயெலா ரமணனிடம் போனாள். தன் ஈஸ்டர் ஏப்ரல் கடைசியில் வருகிறது, ஞாயிறும் திங்களும் லீவு வேண்டும் என்றாள். அங்கே பள்ளிக்கூடங்களுக்கு அப்போதுதான் ஈஸ்டர் விடுமுறை. தங்கை மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். எட்டு மாதத்துக்குப் பிறகு பிள்ளையைப் பார்க்கப் போகிறாள். வெள்ளி இரவு வந்து, செவ்வாய் காலை திரும்பிவிடுவார்கள்.

ரமணன் முடியாது என்றார். அவள் கண் சிவக்க வந்து என்னிடம் சொன்னாள். நான் நேரே அவரிடம் போனேன்.

"அக்கா, நத்தாருக்கு என்ன சொன்னவ? நானும் உங்களோடைதான் எண்டு. அப்ப ஈஸ்டரும் எங்களோடை மார்ச்சிலை முடிஞ்சுது. ஒரு கலண்டரைப் பிடிக்கவேணும். ரெண்டு கலண்டரிலையும் லீவு கேட்டா நான் என்ன செய்யிறது?"

ரெண்டு கலண்டரிலும் லீவு. நத்தாருக்கு அவளை வேலைக்குப் போட்டவர் சொல்கிறார். மார்ச் ஈஸ்டருக்கும் அவள் வேலையில்தான் நின்றாள்.

எனக்கு ஒரு கேள்விதான் தோன்றியது.

"தம்பி, உங்கட வீட்டிலை வாக்கியமோ, திருக்கணிதமோ?"

"வாக்கியம்."

"மனுசி வீட்டிலை?"

கொஞ்சம் யோசித்தார். "திருக்கணிதம்."

"ரெண்டு பஞ்சாங்கத்திலையும் நாள் மாறி வந்தா என்ன செய்வீர்?"

"அது வேறை அக்கா."

அது வேறை. ஒரே விரதத்தை அடுத்தடுத்த நாளில் இரண்டு தரம் பிடித்துவிட்டு, எந்தக் கோயில் சரி என்று கலியாண வீட்டில் சண்டை போடுகிற இனம் நாங்கள். சித்திரை வருடப் பிறப்பையே மண்டபம் கிடைக்கிற சனிக்கிழமைக்குத் தள்ளி வைத்துக் கொண்டாடுகிறோம். நாங்கள் போய் இன்னொருத்தியிடம், ஒரு கலண்டரைப் பிடி என்று சொல்வதா?

இன்னும் இருக்கிறது. இந்த நாட்டில் அரச திருச்சபையைச் சேராதவர்கள் தங்கள் சமய நாட்களுக்கு வருடத்தில் இரண்டு நாள் விடுப்பு எடுக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. இரண்டு வாரம் முன்னதாகச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தைப் பிறகு வேலை செய்து ஈடுகட்டச் சொல்லலாம், அவ்வளவுதான். இந்தச் சட்டத்தை எனக்குச் சொல்லித் தந்தவர் யார் தெரியுமா? ரமணன். ஒவ்வொரு கோடையிலும் அம்மருட் கோயில் தேருக்கு அவர் லீவு எடுப்பது இந்தச் சட்டத்தில்தான். நானும் அப்படித்தான் எடுக்கிறேன். அதையும் சொன்னேன்.

"அது எங்களைப் போல வேற சமயக்காரருக்கு அக்கா. அவ கிறிஸ்தவம்தானே."

கிறிஸ்தவம் வேறு, இந்த நாட்டின் அரச திருச்சபை வேறு என்று நான் சொல்லச் சொல்ல, அவர் சூப் சட்டியின் மூடியைத் திறந்து உள்ளே எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அன்று மாலை மிஹாயெலாவிடம் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். கூடவே, "சண்டை வேண்டாம் என்றால் ஞாயிறு நான் ஏற்கெனவே வேலைதான், உன் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறேன். திங்கள் உனக்குப் பதிலாக நிற்கிறேன்" என்றேன். பெரிய மனதோடுதான் சொன்னேன். அவள் தலையாட்டினாள் — வேண்டாம் என்று.

"நீ எனக்காக நின்றால் அது உன் நல்ல மனம். அடுத்த வருடமும் நான் உன் நல்ல மனதைத் தேடி வர வேண்டும். சட்டம் இருக்கிறது என்றால் நான் அதைத்தான் கேட்பேன்."

எப்படிக் கேட்பது, யாரிடம் கேட்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் மேலாளர் வாசலில் வந்து முட்டை கேட்டார்.

இப்போது அந்த இடத்துக்குத் திரும்புவோம்.

மிஹாயெலா கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்தாள். பிறகு, இலக்கணம் எங்கெங்கோ போனாலும் குரல் மட்டும் நடுங்காமல் சொன்னாள்.

"முட்டை இல்லை. ஈஸ்டர் இருந்தால்தான் முட்டை. அந்த ஞாயிறும் திங்களும் நான் வரமாட்டேன். என் மகள் வருகிறாள். எனக்கு இரண்டு நாள் சட்டத்தில் இருக்கிறது. நான் மார்ச்சிலேயே கேட்டுவிட்டேன்."

மேலாளரின் சிரிப்பு அப்படியே நின்றது. "அன்றைக்கு உங்களுக்கு வேலையா?" என்று கேட்டார். அவருக்கு அதுவே தெரியாது. ரமணனைப் பார்த்தார். ரமணன் என்னைப் பார்த்தார். நான் உருளைக்கிழங்கைப் பார்த்தேன்.

பிற்பகலில் மேலாளர் திரும்பி வந்தார். யாரிடமோ போனில் கேட்டிருக்கிறார். "ஆம், நீங்கள் சொன்னது சரி. அந்த நேரத்தைப் பிறகு ஈடுகட்ட வேண்டியிருக்கும்" என்றார். மிஹாயெலா சரி என்றாள். மன்னிப்பு என்று ஒரு சொல் வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. "மகள் வருவது எவ்வளவு கூஷ்லி" என்றுதான் வந்தது.

அந்த ஞாயிறு அவள் இடத்துக்கு ஆள் கிடைக்காமல் ரமணனே வந்து நின்றார். குழம்பைக் கிண்டிக்கொண்டே மெல்லச் சொன்னார்.

"அக்கா, என்ரை நிலைமையையும் யோசியுங்கோ. ஆள் காணாட்டி மேலை என்னைத்தான் கேப்பினம். எங்கட ஆள் ஒருத்தன் பொறுப்பிலை இருந்தா கூடக் கவனிப்பினம்."

அது பொய் இல்லை. அந்தப் பயம் எனக்கும் தெரியும். ஆனால் மேலே இருந்து வருகிற பயத்தை நாங்கள் ஏன் எப்போதும் கீழே நிற்பவளின் தலையில் இறக்கி வைக்கிறோம்? அதைக் கேட்டேன். அவர் அடுப்பைக் குறைத்தார்.

திங்கள் எனக்கு ஓய்வு நாள். மிஹாயெலா வரச் சொல்லியிருந்தாள். எல்லிங்ஸ்ருட்டில் அந்த ஒற்றை அறைக்குப் போனேன். மேசையில் சிவப்பு முட்டைகள், பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட இனிப்பு ரொட்டி. கட்டிலில் தங்கை. மிஹாயெலாவின் மடியில் மகள் யோவானா — மெலிந்த பிள்ளை, முன்பல் இரண்டும் இல்லை. முட்டையோடு முட்டை மோதி, யாருடையது உடையாமல் இருக்கிறது என்று பார்ப்பது அவர்கள் வழக்கம். யோவானா என் முட்டையை ஒரே தட்டில் உடைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தேநீர் ஊற்றும்போது மிஹாயெலா என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"விமான நிலையத்தில் இவள் என்னை 'நீங்கள்' என்று கூப்பிட்டாள். தெரியாதவர்களைக் கூப்பிடுவது போல. சனிக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோதும் 'நீங்கள்'தான். தங்கைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு."

"இப்போது?"

"நேற்று முட்டை உடைக்கும்போது சண்டை பிடித்தாள். 'நீ ஏமாற்றுகிறாய்' என்றாள்." அவள் கெட்டிலைக் கீழே வைத்தாள். "நீ, என்றாள்."

அட்டவணையில் இரண்டு கட்டம். ஒருவர் யோசிக்காமல் நிரப்பிவிட்டுப் போகிற இரண்டு சின்னக் கட்டம். அவை நிரம்பியிருந்தால், அந்தப் பிள்ளை செவ்வாய் காலை அம்மாவை 'நீங்கள்' என்று சொல்லிவிட்டே விமானம் ஏறியிருக்கும்.

யோவானா போய்விட்டாள். மறுநாள், புதன்கிழமை மதிய இடைவேளையில் எங்கள் உணவறையில் ஒரே கொந்தளிப்பு. இந்த வருடம் இயேசு விண்ணேறிய நாள் மே முதலாம் திகதியிலேயே வந்து விழுந்துவிட்டதாம். தொழிலாளர் தினமும் அதே நாள். இரண்டு விடுமுறை ஒன்றாகிப்போனதில் ஒரு லீவு அநியாயமாகத் தொலைந்துவிட்டதாம். நோர்வேஜியர்கள் இவ்வளவு ஆவேசமாகப் பேசி நான் கேட்டதில்லை. தன் நேரத்தை ஈடுகட்ட அந்த மே முதலாம் திகதியே வேலைக்கு வரவிருந்த மிஹாயெலா, தன் பாண் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். மே முதலாம் திகதி ருமேனியாவிலும் விடுமுறைதான். அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை.

ரமணன் தட்டோடு வந்து என் பக்கத்தில் இருந்தார். முகத்தில் உண்மையான வேதனை.

"ரெண்டும் ஒரே நாளிலை வந்தா எப்பிடி அக்கா? மற்றதை வேற நாளிலை தரத்தானே வேணும். அது எங்கட உரிமையெல்லே."

நல்ல சொல்தான் தம்பி. அடுத்த அட்டவணை போடும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளும்.