கொட்டாய்க்கு வந்த இரண்டாம் பாகம்

எங்கள் கொட்டாயில் ஒரு படம் ஓடுமா ஓடாதா என்பதை வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை வைத்துச் சொல்லவே முடியாது. வெள்ளிக்கிழமை விசில் அடிக்கிறவன் எதற்கும் அடிப்பான். திங்கட்கிழமை மேட்னிக்குப் பெண்கள் கவுன்ட்டரில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இது என் கணவரின் சாஸ்திரம். திருப்பாதிரிப்புலியூரில் அவரும் அவர் அண்ணனும் சேர்ந்து நடத்திய தியேட்டர் அது. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு, திங்கட்கிழமை மத்தியானம் ஆனால் எனக்கும் அடுப்படியில் வேலை ஓடாது.

எனக்குச் சினிமா மேல் பெரிய பிரியமெல்லாம் கிடையாது. கொட்டாய்க்காரரைக் கட்டிக்கொண்டால் தினமும் ஓசியில் படம் பார்க்கலாம் என்று சிதம்பரத்தில் என் தோழிகள் வயிறெரிந்தார்கள். வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஊருக்குப் பண்டிகை என்றால் அவருக்கு ஐந்து காட்சி. பொங்கலோ தீபாவளியோ, வீட்டில் அவருக்கு இலை போட்டதே இல்லை. சோறு தூக்கில் கொட்டாய்க்குப் போகும், பாதி சோறு அப்படியே திரும்பி வரும்.

2004 பொங்கலுக்கு வந்தது அந்த முதல் படம். பெயர் வேண்டாம். கதாநாயகனுக்கு ஓர் அம்மா உண்டு. பஸ் ஸ்டாண்டில் கொய்யாப்பழம் விற்கிற வாயாடி. மகனைத் திட்டுவாள், கண்டக்டரைத் திட்டுவாள், மாமூல் கேட்ட போலீஸ்காரரின் சட்டையைப் பிடித்து உலுக்குவாள். படம் முழுக்க அவள் ராஜ்ஜியம்தான். கதாநாயகன் சும்மா கூடவே ஓடிக்கொண்டிருப்பான்.

முதல் திங்கட்கிழமை மேட்னிக்கே பெண்கள் வரிசை கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. தேவனாம்பட்டினத்துப் பெண்கள் காலையில் மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு, காலி அன்னக்கூடைகளோடு நேராக இங்கே வந்தார்கள். கூடைகளை வைக்க சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு மூலையையே என் கணவர் ஒதுக்கிக் கொடுத்தார். மீன் வாடை அடிக்கிறது என்று பால்கனிக்காரர் ஒருவர் முகம் சுளித்தபோது, “சார், அவுங்க வரலன்னா நீங்க ஒக்காந்திருக்கிற சீட்டே இருக்காது” என்றார். அந்த அம்மா திரையில் வாயைத் திறந்தால் பெஞ்சு டிக்கெட்டிலிருந்து இவர்களும் சேர்ந்து திட்டுவார்கள். படம் நூறு நாள் ஓடி ஷீல்டு வாங்கிற்று. அந்த ஷீல்டைத் துடைக்கிற வேலை எனக்கு வந்தது.

அந்த வருஷக் கடைசியில் கடல் ஊருக்குள் வந்தது. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. மறுபடி கொட்டாயைத் திறந்தபோது கூடைகள் குறைந்திருந்தன. யார் வரவில்லை என்று கேட்க எங்கள் இருவருக்குமே தைரியம் வரவில்லை.

பிறகு வந்த வருஷங்கள் இறக்கம்தான். திருட்டு சிடி, வீட்டுக்கு வீடு டிவி, ஓட்டைக் கூரை, கிழிந்த சீட்டு. பெரியவருக்கு, அதாவது என் கணவரின் அண்ணனுக்கு, கொட்டாயை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டது. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. இவர்தான் சாப்பிடாமல் கிடந்தார். 2011 கோடையில் அந்தப் படத்துக்கு இரண்டாம் பாகம் வருகிறது என்று சேதி வந்ததும் ஓடிப்போய் அண்ணன் முன்னால் நின்றார்.

“இந்த ஒரு படம் பாக்கலாம்ண்ணே” என்றார்.

பெரியவர் ஒரு நிபந்தனை போட்டார். “சரிடா. மொத படம் மாதிரி ஓடிச்சின்னா கொட்டாய் கொட்டாயாவே இருக்கட்டும். இல்லன்னா மண்டபம். அப்பறம் நீ பேசக்கூடாது.”

இவர் பேசாமல் இருந்திருந்தால் பரவாயில்லை. ஒரு யோசனை செய்தார். ஏழு வருஷம் ஆகிவிட்டதே, ஜனங்களுக்குக் கதை மறந்திருக்குமே, அதனால் புதுப்படம் வருவதற்கு முந்தைய வாரம் பழைய படத்தையே போட்டுவிடுவோம் என்று. கோடு விழுந்த பழைய பிரிண்ட் ஒன்றை எங்கிருந்தோ தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார். “மொதல்ல பசிய கெளப்பணும், அப்பறம் சோறு போடணும்” என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. பசியைக் கிளப்புவதில் ஆபத்து இருக்கிறது என்று சோறாக்குகிற எனக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

அந்த வாரம் போல் ஒரு வாரத்தை நான் பார்த்ததில்லை. அன்னக்கூடைகள் திரும்பி வந்தன. முன்பு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளைகள் இப்போது பாவாடை தாவணியில் வந்தார்கள். ஒவ்வொரு வசனத்தையும் திரையில் வருவதற்கு முன்னால் இவர்களே சொன்னார்கள். போலீஸ்காரர் சட்டையைப் பிடிக்கிற இடத்தில் பெஞ்சே எழுந்து நின்றது. வியாழக்கிழமை கடைசிக் காட்சிக்குப் பெரியவரே வந்து ஓரமாக நின்று பார்த்தார். திரும்பும்போது தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தபடி, “ஒரு பெயின்ட் அடிச்சா நல்லாத்தான் இருக்கும்” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து என் கணவர் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை பையன்கள் புதுப் படப்பெட்டியைக் கோயில் வாசலுக்குக் கொண்டுபோய்ச் சூடம் காட்டி, மேளத்தோடு ஊர்வலமாக எடுத்து வந்தார்கள். பெட்டியைத் திறந்து ஓட்டினால், முதல் ரீலிலேயே அந்த அம்மாவைக் கொன்றுவிட்டார்கள். லாரி ஏற்றிக் கொன்று, சிதறிய கொய்யாப்பழங்களை மெதுவாகக் காட்டினார்கள். அப்புறம் மகன் வெளிநாடு போய்ப் பழிவாங்குகிறான். வெளிநாட்டில் நிறைய கார் வெடித்தது.

திங்கட்கிழமை சாப்பாட்டுத் தூக்கை யாரிடமும் கொடுத்தனுப்ப மனம் வரவில்லை, நானே எடுத்துக்கொண்டு போனேன். பெண்கள் கவுன்ட்டரில் உட்கார்ந்தவர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். உள்ளே போயிருந்த ஏழெட்டுப் பேரும் இடைவேளைக்கு முன்பே வெளியே வந்துவிட்டார்கள். முதலில் வந்தவர் ஒரு மீன்கார அக்கா. முந்தைய வாரம் இரண்டு முறை வந்தவர்.

“என்னக்கா, படம் முடியலயே?” என்றார் என் கணவர்.

“என்னாத்துக்கு முடியணும்? போன வாரந்தான் அந்தம்மாவ உசுரோட காட்டின. இந்த வாரம் கொன்னு போட்டுட்டு பாருன்றியே. நாங்க பாக்காத சாவா? அத காசு குடுத்து வேற பாக்கணுமா?”

அந்த அக்கா கூடையை எடுத்து இடுப்பில் வைத்தார். அப்புறம் மனசு கேட்காமல், “பழசயே போடு தம்பி. நாங்க வரோம்” என்று சொல்லிவிட்டுப் போனார். படத்தை இவரா எடுத்தார்? ஆனாலும் தானே அந்த லாரியை ஓட்டினவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்கு அவரைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே படம் சிதம்பரத்தில் நன்றாகவே ஓடிற்று. என் தம்பி போனில் சொன்னான். அவன் எதையும் உடைத்துப் பேசுகிறவன்.

“இங்க அந்த அம்மாவ யாருக்குக்கா ஞாபகம் இருக்கு? எல்லாம் யூனிவர்சிட்டி பசங்க. மொத படம் வந்தப்ப அரை டவுசர் போட்டிருப்பானுங்க. பாட்டுக்கு வரான், கார் வெடிக்கிறதுக்கு வரான். மாமாதான் வலியப் போயி ஞாபகப்படுத்தி வச்சிக் கெடுத்துக்கிட்டாரு.”

நான் போனை மறைத்துக்கொண்டேன். ஆனாலும் இவர் காதில் விழுந்துவிட்டது. “மச்சான் சொல்றது வாஸ்தவந்தான்” என்றார்.

எனக்கு ஒன்றுதான் தோன்றியது. முதல் படம் அளவுக்கு இரண்டாவது ஓட வேண்டும் என்றால், ஒன்று முதல் படம் மறந்திருக்க வேண்டும், இல்லை அதில் பிடித்துப்போன மனுஷியை உயிரோடு விட்டிருக்க வேண்டும். எங்கள் ஊர் மறக்கவும் இல்லை, அவர்கள் விட்டுவைக்கவும் இல்லை. மூன்றாம் வாரம் படத்தைத் தூக்கினார்கள். பெரியவர் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. ஆடி மாதத்தில் சீட்டுகளைக் கழற்ற ஆள் வந்தபோது இவரை அங்கே நிற்க விடாமல் தன்னோடு வெளியே அழைத்துப் போனதும் அவர்தான்.

அந்தத் தீபாவளிக்கு நாங்கள் இருவரும் சிதம்பரத்துக்குப் போனோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தீபாவளி அன்று அவர் என் பிறந்த வீட்டில் இலை போட்டு உட்கார்ந்தது அப்போதுதான். எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டி, அதிரசம் தின்றுவிட்டு, மணியை மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பண்டிகை நாளில் நான் ஆசைப்பட்டதெல்லாம் இதைத்தான். கிடைத்தபோது அவரைக் காணச் சகிக்கவில்லை. தம்பிதான் பார்த்துவிட்டு, “வாங்க மாமா, ஒரு படம் பாத்துட்டு வரலாம்” என்று இழுத்துக்கொண்டு போனான்.

சாயங்காலம் தம்பி சிரித்துக்கொண்டே வந்தான். இவர் பின்னால் வந்து செருப்பை மெதுவாகக் கழற்றினார்.

“என்னடா?” என்றேன்.

“டிக்கெட் எடுக்கப் போயி திரும்பிப் பாக்கிறேன், மாமாவக் காணும். அவரு பாட்டுக்கு, தன் கொட்டாயில போற மாதிரி, ஆபீஸ் ரூம் பக்கத்து சின்ன கேட்ல நொழையறாரு. வாட்ச்மேன் கைய நீட்டி மறிச்சிட்டான். ‘யோவ், எங்க போற? டிக்கெட்டு வாங்கிட்டு வரிசையில வா’ன்றான்.”

இவரும் சிரித்தார். “அவன் வேலைய அவன் பாத்தான்” என்று சொல்லிவிட்டு, முகம் கழுவப் பின்பக்கம் போனார். வெகுநேரம் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்த வாட்ச்மேனை நான் பார்த்தது கூட இல்லை. பாவம், அவர் மேல் ஒரு தப்பும் கிடையாது. ஆனாலும் அவர் மேல் எனக்கு இன்று வரைக்கும் கோபம்தான்.